மாடி அறைக்கு வந்த மூன்றாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயில் ஏறும்வரை படுத்துக்கிடப்பது கண்ணாடியக்காவின் வழக்கம். அன்று விடிவதற்கு முன்பே எழுந்து மாடி அறையைக் கூட்டித் துடைத்துவிட்டாள். துடைத்த தரையைத் திரும்பவும் துடைத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தத் தெருவுக்கே அவள் கண்ணாடியக்கா. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, அவளும் சொன்னதில்லை. கைநீட்டும் புருஷனிடமிருந்து மகளை இழுத்துக்கொண்டு, உடுத்திய துணியோடு இந்த ஊருக்கு ஓடிவந்தவள் வேறென்ன செய்வாள்? ஆறு வருடங்களாக அவனுக்கு இந்த முகவரி தெரியாது. அவளுடைய தூக்கம், சாப்பாடு எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான் நடந்தது.

இத்தனை நாள் அந்த வீட்டுக்குக் காவல், ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பி. மாடி அறையில் இருந்தான். போன மாதம் அவனுக்குக் கல்யாணமாகி, பெண்டாட்டி வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபோய்விட்டான். போகும்போது அவனுடைய பழைய செருப்பு ஒரு ஜோடியைக் கேட்டு வாங்கி வாசலில் போட்டுவைத்தாள். ஆண்பிள்ளை இருக்கும் வீடு என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும் என்று. இரண்டாம் நாளே தெருநாய் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்து மகள் குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் அறையை வாடகைக்கு விடுவதென்று முடிவு செய்தாள்.

பெண்ணாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவளாக இருக்க வேண்டும். துருவித் துருவிக் கேள்வி கேட்காதவளாக இருக்க வேண்டும். மளிகைக் கடைப் பலகையில் ஃபோன் நம்பரோடு ஒட்டிய விளம்பரத்துக்கு மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்தது ஆஸ்பத்திரி கேன்டீன் சூப்பர்வைசர் அம்மா. கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தார். மாடி அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, எண்ணெய் டப்பாவின் மூடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அடுப்பு ஏன் சுவரோரம் இருக்கிறது, பாத்திரம் எந்தச் சோப்பில் கழுவுகிறீர்கள் என்று விசாரித்தார். யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றே கண்ணாடியக்காவுக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அந்த அம்மாள்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவள் கல்லூரிப் பெண். வேலைக்குப் போவதாகப் பொய் சொல்லி வந்திருந்தாள். ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று அறை முழுக்க நடந்து பார்த்து, குளியலறையில் மட்டும் கிடைக்கிறதென்று கண்டுபிடித்து, முகம் சுருங்கிப் போனாள்.

"பேசாம குளியலறையை மட்டும் வாடகைக்கு விட்டுடலாம்மா" என்றாள் குருவி.

பதினேழு வயது. வாய்க்கு ஓய்வே கிடையாது. ஆனால் அன்று ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு தடவை தன் ஃபோனைப் பார்த்தாள். தோழிகளோடு ஏதோ திட்டம் போலிருக்கிறது என்று கண்ணாடியக்கா விட்டுவிட்டாள்.

மூன்றாவது ஆள் மத்தியானம் சாய்ந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் வகுப்பு எடுப்பதாகச் சொன்னாள். தோளில் ஒரே ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தாள். மாடி அறையைப் பார்த்தாள். தண்ணீர் வருமா என்று கேட்டாள், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குரல் மெதுவாக இருந்தது. இவள் இருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதே தெரியாது என்று கண்ணாடியக்காவுக்குத் தோன்றியது. பிடித்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் உறுத்தியது. தையல் டீச்சரின் மூக்குக்கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தது. கீழே விழுந்த கண்ணாடி ஒரு மாதிரி வளையும். கவனிக்காமல் மேலே படுத்த கண்ணாடி ஒரு மாதிரி வளையும். இது இரண்டும் இல்லை. கடைக்கு வந்தால் சும்மாவே சரிசெய்து தருகிறேன் என்று சொல்ல நினைத்தபடி டீ போடப் போனாள்.

டீயோடு திரும்பியபோது குருவி அந்தக் கேன்டீன் அம்மாள் கொடுத்த பெட்டியைப் பிரித்துத் தட்டில் வைத்திருந்தாள். ஒரு கண் ஃபோனில். பார்க்காமலே ஒரு பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

தையல் டீச்சர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிஸ்கட் தரையில் விழுந்து உடைந்தது.

"இதுல வேர்க்கடலை இருக்கு. நீ சாப்பிடக் கூடாது."

கண்ணாடியக்கா கையில் டீத் தட்டோடு நின்றாள்.

வேர்க்கடலை குருவிக்கு ஆகாது. ஐந்து வயதில் ஒரு வாய் தின்றுவிட்டு மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்துப் பிழைத்த பிள்ளை. அன்றிலிருந்து அந்தப் பொருள் வீட்டுக்குள் வந்ததில்லை. வராத பொருளைப் பற்றி வெளியே பேச வேண்டியும் வந்ததில்லை. அந்த ஆஸ்பத்திரி நாள் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலே பேர். மூன்று பேர் இந்தக் குடும்பம்.

நாலாவது ஆள் அவன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று குருவி கேட்டாள்.

நிறையப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதே, அதனால் சொன்னேன் என்று தையல் டீச்சர் இழுத்தாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. குருவியின் முகத்திலும் ரத்தம் இல்லை.

கண்ணாடியக்கா தட்டைக் கீழே வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. இவளை அனுப்பிவிட்டு அவன் தெருமுனையில் நிற்கிறானோ? அந்தப் பையில் என்ன இருக்கிறது? தன்னுடைய குரலா என்று தனக்கே சந்தேகம் வரும்படி சாதாரணமாகப் பேசினாள். கொல்லையில் காயும் துணியை எடுத்துவரும்படி மகளை அனுப்பினாள். விருந்தாளியை உட்காரச் சொன்னாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி வண்டியில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் பக்கத்தில் ஹாரன் சத்தம் கூட நின்றுபோன மாதிரி இருந்தது. நோயாளியை இறக்கிவிட்டு உடனே கிளம்புவதாகவும், போலீஸுக்குத் தானே சொல்வதாகவும் சொன்னான். வந்து சேர எப்படியும் இருட்டிவிடும்.

"அதுவரைக்கும் அவளை வெளியே அனுப்பு, இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வெளியே போங்க. யார் வந்தாலும் கதவைத் திறக்காதக்கா."

குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். தையல் டீச்சர் உட்காரவில்லை. ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிற்கவில்லை. சுவரோடு ஒட்டி, திரையை ஒரு விரலால் மட்டும் விலக்கி, வெளியே இருப்பவர் கண்ணில் படாதபடி.

ஆறு வருடங்களாகக் கண்ணாடியக்கா ஜன்னலில் நிற்பது அப்படித்தான்.

வெளிச்சம் பட்ட முகத்தில் கோணல் கண்ணாடி இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மூக்குத்தாங்கி உள்ளே அழுந்தி, அதே பக்கக் கம்பி வெளியே விரிந்திருந்தது. முகத்தில் போட்டிருக்கும்போதே பக்கவாட்டில் அடி விழுந்தால்தான் அப்படி ஆகும். கடைக்குப் போய் அவள் கற்றுக்கொண்ட பாடம் இல்லை அது. அதற்கும் முன்னாலேயே தெரியும்.

"அவன்தானே அனுப்பினான்?" என்று கேட்டாள்.

"யாரும் அனுப்பல. நான் ஓடி வந்தேன்கா."

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் விட்டு விட்டு வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அவனைக் கட்டிக்கொண்டாளாம். முதல் பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொல்லித்தான் கட்டினானாம். பிள்ளை ஞாபகம் வந்தால் அழுவானாம். வேர்க்கடலைக் கதையை அழுதுகொண்டே பத்துத் தடவை சொல்லியிருக்கிறானாம். பாவம் என்று நம்பினேன் என்றாள். முதல் அடி விழுந்தபோதும் அவன்தான் அழுதானாம்.

கண்ணாடியக்காவுக்கு அந்த அழுகை தெரியும். காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். வீக்கத்துக்கு அவனே ஒத்தடம் கொடுப்பான்.

அறை வாடகைக்கு விடுவது ஃபோன் பேச்சில் காதில் விழுந்ததாம். விளம்பரம் ஒட்டிய மளிகைக் கடையின் பெயரும் விழுந்ததாம். அந்தக் கடைக்கு ஆள் விட்டுக் கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறாள். இன்று காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நேராக விஷயத்தைச் சொன்னால் வாசலிலேயே துரத்திவிடுவீர்களோ என்றுதான் அறை கேட்கும் ஆள் மாதிரி வந்தேன். அதோடு, எனக்கும் தங்குவதற்கு ஓர் இடம் நிஜமாகவே வேண்டும் என்றாள்.

"யார் பேசின ஃபோன்?" என்று கண்ணாடியக்கா கேட்டாள்.

தையல் டீச்சரின் பார்வை கொல்லைப் பக்கம் போனது. கொல்லைக் கதவில் துணிமூட்டையை மார்போடு அணைத்தபடி குருவி நின்றிருந்தாள்.

"நான்தான்மா."

நாலு மாதங்களாக அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாளாம். பழைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஒரே ஒரு தடவை குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாளாம். அவர் மாறிவிட்டார், அம்மா, ஒரு தடவைகூடக் கோபமாகப் பேசவில்லை என்றாள். தெருப் பெயர் சொன்னது தப்பு என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மூட்டை கையிலிருந்து நழுவியது.

"இன்னிக்கு சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்கார்மா. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னார்."

மகளை அடித்துவிடலாம் போல ஒரு வேகம் வந்தது. அந்த வேகத்தைக் கண்டே கண்ணாடியக்கா பயந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

தையல் டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவன் வருவதைச் சொல்லத்தான் வந்தேன், உங்கள் மகளே சொல்லிவிட்டாள். நான் இங்கே இருந்தால் உங்களுக்கு ஆபத்து இரட்டிப்பு, பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன் என்றாள்.

கண்ணாடியக்கா தடுக்கவில்லை. இதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் நடந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தும் விட்டாள். போகட்டும். யார் பெற்ற பெண்ணோ, இவளைத் தேடி வருகிறவன் இவளைத் தேடிக்கொண்டே வேறெங்காவது போகட்டும்.

தையல் டீச்சர் படி இறங்கி, இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். எந்தப் பக்கம் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. போக ஓர் இடம் இருக்கிறவர்கள் அப்படி நிற்பதில்லை.

வாடகைக்கு வருகிறவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கண்ணாடியக்கா ஒரு வாரமாக யோசித்துவைத்திருந்தாள். எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், யாராவது பார்க்க வருவார்களா, சமையல் சேர்ந்தா தனியாகவா. அதில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"அவன் வந்து அழுதான்னா கதவைத் திறப்பீங்களா?"

தையல் டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"உயிர் போனாலும் திறக்கமாட்டேன்."

"அப்ப உள்ளே வாங்க."

கொல்லைக் கதவைச் சாத்தித் தாழிட்டு, அதற்கு மேல் ஒரு மேஜையையும் இழுத்து முட்டுக் கொடுத்தார்கள். தையல் டீச்சரின் செருப்பைக் குருவி உள்ளே எடுத்துவந்து அடுப்புக்குக் கீழே ஒளித்துவைத்தாள். யாரும் சொல்லாமல் அவளே செய்தாள். தையல் டீச்சரை மாடி அறைக்கு அனுப்பி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தம்பிக்கு மறுபடி ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஓட்டிக்கொண்டு வருகிறான்.

அப்புறம் அம்மாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். ஒரு தடவை குருவி அம்மாவின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியக்கா அதை உருவிக்கொள்ளவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வாசலில் காலடி கேட்டது.

கதவை இடிக்கவில்லை. விரல் முட்டியால் மெதுவாக, மரியாதையாகத் தட்டினான்.

"கண்ணு, அப்பா வந்திருக்கேன்டா."

குருவி எழுந்தாள். அந்தக் குரலில் அப்படி ஒரு குழைவு. ஆறு வருடங்கள் கழித்துக் கேட்கும் கண்ணாடியக்காவுக்கே ஒரு கணம் எல்லாம் தன் பிரமையோ என்று தோன்றிற்று. மகளின் கை தாழ்ப்பாளை நோக்கிப் போவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் தான் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும். கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

உனக்கு வாட்ச் வாங்கிவந்திருக்கிறேன், எவ்வளவு உயரமாகிவிட்டாயோ, கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று அவன் பேசிக்கொண்டே போனான். பிறகு, குரலை உயர்த்தாமல், அதே குழைவோடு கேட்டான்.

"ஒரு பொம்பளை இங்க வந்தாளாம்மா? கண்ணாடி போட்டவ. உள்ளே இருந்தா கதவைத் திற கண்ணு. அப்பா ஒண்ணும் பண்ணமாட்டேன்."

தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது.

அந்தக் கடைசி வார்த்தைகளைக் குருவி முன்பு கேட்டிருக்கிறாள். வேறொரு வீட்டில், குளியலறைக் கதவுக்கு உள்ளே, அம்மாவின் மடியில் ஒண்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அன்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். அதற்கப்புறம் நடந்ததை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கையை மெல்ல எடுத்தாள். மேலே இருந்த சங்கிலியையும் சத்தமில்லாமல் மாட்டினாள்.

"இங்க யாரும் வரலப்பா" என்றாள். குரல் உடையவில்லை. "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. வெளியே பூட்டு போடாம உள்ளே தாழ் போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. மாமா வந்துட்டிருக்கார். நீங்க போங்க."

கதவின் மறுபக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"சரி கண்ணு" என்றான். "அப்பா எங்கேயும் போகமாட்டேன். இங்கதான் இருப்பேன்."

காலடிகள் இறங்கிப் போயின. குருவி அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக, மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தேம்பல் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அணைத்துக்கொண்டாள். மாடியில் தரைப்பலகை லேசாக முனகியது. தையல் டீச்சரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒரு மனிதன் வந்தான், கதவைத் தட்டினான், போகச் சொன்னதும் போய்விட்டான். இதில் எதைக் குற்றம் என்று காட்டுவது?

தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கண்ணாடியக்கா எழுந்து ஜன்னலோரம் போய்த் திரையை விரலால் விலக்கினாள். அவன் தெருவைத் தாண்டியிருந்தான். எதிர்வீட்டு வாசலில், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டரோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். நல்ல மனிதர். பேச்சுத்துணைக்கு ஏங்குபவர். இவர்கள் அறை வாடகைக்கு விடுவதைக் கேள்விப்பட்டு, நம் வீட்டு மாடியும் சும்மாதானே கிடக்கிறது என்று நேற்று அவரும் கேட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அந்த அட்டையைத்தான் இப்போது கழற்றிக்கொண்டிருந்தார்.

அவனுடைய கைப்பையை அவரே வாங்கிக்கொண்டு, தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப்போனார்.

அந்த மாடிக்கும் இந்த மாடிக்கும் நடுவே ஒரு சின்னத் தெருதான். ஜன்னலுக்கு நேர் ஜன்னல். எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் கொண்டி விலகும் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவுகள் இரண்டும் விரியத் திறந்தன.

கண்ணாடியக்கா படிக்கட்டுக்கு ஓடினாள். விளக்கைப் போடாதீர்கள் என்று மேலே நோக்கிச் சொல்ல வாயெடுத்தாள். சத்தமாகச் சொன்னால் அவனுக்குக் கேட்கும். மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது.

அவள் பாதிப் படியில் இருந்தபோது, அவன் போய்விட்டான் என்ற நிம்மதியில், தையல் டீச்சர் மாடி அறையின் விளக்கைப் போட்டாள்.